கல்லடைப்பு வைத்தியம்: கடலூரில் ஒரு ராத்திரி, பாண்டியில் ஒரு ஆபரேஷன்

இரண்டு பிள்ளை பெற்றவள் சொல்கிறேன், கிட்னியிலிருந்து இறங்குகிற சிறுநீர்க் குழாயில் கல் மாட்டிக்கொள்கிற கல்லடைப்பு வலிக்குப் பக்கத்தில் எதையும் வைக்க முடியாது. பிரசவ வலியாவது விட்டு விட்டு வரும், நடுவில் மூச்சு வாங்க நேரம் கொடுக்கும், கடைசியில் கையில் ஒன்று கிடைக்கும். இது இடது விலாவுக்குப் பின்னால் ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி ஆரம்பித்து அடிவயிறு வழியாகத் தொடை இடுக்கு வரைக்கும் இறங்கும், கூடவே குமட்டல், வாந்தி, வேர்வை. உட்கார்ந்தாலும் வலி, படுத்தாலும் வலி, நடந்தாலும் வலி.

இந்த வலியோடு நான் ஏறி இறங்கிய இடங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடலூரில் ஒரு நர்சிங் ஹோம், பாண்டியில் ஒரு ஸ்கேன் சென்டர், அதே பாண்டியில் சிறுநீர்ப் பாதைக் கோளாறுகளைப் பார்க்கிற ஒரு யூராலஜி மருத்துவமனை. பெயர் போடப்போவதில்லை. நம்ம ஊர் சின்ன ஊர், நாளைக்கே திரும்ப அதே வாசலில் போய் நிற்கவேண்டி வரலாம். அதுவும் போக நம்ம பக்கத்தில் ஒரே டாக்டர் காலையில் ஒரு இடம், சாயங்காலம் இன்னொரு இடம் என்று பார்க்கிறார், போர்டைப் பார்த்து மார்க் போட்டு என்ன ஆகப்போகிறது. எந்த இடமாக இருந்தாலும் எதை வைத்து எடை போடலாம் என்பதைச் சொல்கிறேன், நீங்கள் போகிற இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நர்சிங் ஹோம். வீடு திருப்பாப்புலியூரில், நடுராத்திரி, ஆட்டோக்காரர் கேட்காமலேயே கொண்டுபோய் நிறுத்திய இடம் அது. கேட் திறந்திருந்தது, விளக்கு எரிந்தது, டியூட்டி நர்ஸ் முழித்திருந்தார். இந்த மூன்றுமே ராத்திரி நேரத்தில் பெரிய விஷயம். அந்த நர்ஸம்மாவுக்கு அம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் கட்டிலில் ஏறி இறங்கி, சுவரைப் பிடித்து, குனிந்து நிமிர்ந்து தவிப்பதைப் பார்த்துவிட்டு டாக்டர் வருவதற்குள் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்: “இது கல்லுதான் தம்பி. குடல்வால் வலின்னா அசையாம சுருண்டு படுத்திருப்பாங்க. கல்லுக்காரங்க ஒரு இடத்துல நிக்கமாட்டாங்க.” அப்புறம் வரிசையாகக் கேள்வி. கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய், நாள் தள்ளிப் போயிருக்கிறதா, எந்த ஊசியாவது ஒத்துக்கொள்ளாதா, அல்சர் உண்டா, ஆஸ்துமா உண்டா, கிட்னியில் முன்னால் ஏதாவது கோளாறு உண்டா. வலியில் எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் உண்டு. பெண்களுக்கு அடிவயிற்றில் இப்படி வலித்தால் கருக்குழாயில் கரு தங்கியிருந்தாலும் வலிக்கும், சினைப்பை முறுக்கிக்கொண்டாலும் வலிக்கும். அதைக் கேட்காமல் ஊசி போடுகிற இடத்தில் பெண்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி போட்டார்கள். கல்லடைப்புக்கு முதலில் கொடுக்கவேண்டியது இந்த வகை மருந்துதான் என்று பின்னால் பாண்டி டாக்டரும் சொன்னார். அரை மணியில் வலி கால்வாசியாகக் குறைந்து, விடியும்வரை தூங்கினேன். இதுவரைக்கும் அந்த இடத்துக்கு முழு மார்க்.

விடிந்த பிறகுதான் கதையே வேறு. காலையில் பெரிய டாக்டர் வந்தார், அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள், பார்த்துவிட்டு “கிட்னி வீங்கியிருக்கும்மா, இன்னைக்கே ஆபரேஷன் பண்ணிடலாம், விட்டா கிட்னி போயிடும்” என்றார். கல் எவ்வளவு பெரிசு என்று வீட்டுக்காரர் கேட்டார். “அது ஸ்கேன்ல சரியாத் தெரியலை.” எங்கே மாட்டியிருக்கிறது? “கீழ எங்கயோ இருக்கும்.” எங்கேயோ இருக்கிற, எவ்வளவு என்றே தெரியாத கல்லுக்கு மத்தியானம் ஆபரேஷன். அதற்குள் கவுன்டரில் இருந்து ஒரு பெண் வந்து 65,000 பேக்கேஜ், 20,000 அட்வான்ஸ் என்று தாளை நீட்டிவிட்டார். கல்லின் அளவு தெரியாதவர்களுக்குப் பில்லின் அளவு மட்டும் எப்படித் தெரிந்தது என்று என் மாமியார் கேட்டார், கொஞ்சம் சத்தமாகவே.

டாக்டரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. குழாயில் மாட்டிய கல் அல்ட்ராசவுண்டில் பல சமயம் தெரியாது, குடலில் இருக்கிற காற்று மறைத்துவிடும், கிட்னி வீங்கியிருப்பது மட்டும்தான் தெரியும். ஆனால் அடைப்பு இருந்தால் வீக்கம் இருக்கத்தான் செய்யும், லேசான வீக்கம் என்றால் அன்றைக்கே கத்தி வைக்கவேண்டியதில்லை. எனக்குக் காய்ச்சல் இல்லை, சிறுநீர் போய்க்கொண்டிருந்தது, கிட்னி வேலை செய்வதைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 0.9, சரியான அளவுதான். அவசரம் என்பது வேறு. அடைப்போடு குளிர்க்காய்ச்சல் வந்தால், சிறுநீரே இறங்காமல் போனால், ஒரே கிட்னி உள்ளவருக்கு அடைத்துக்கொண்டால், மாத்திரை தண்ணீர் எதுவும் தங்காமல் வாந்தி நிற்காமல் போனால், கர்ப்பிணியாக இருந்தால். இவர்களெல்லாம் நான் எழுதுவதைப் படித்துக்கொண்டு உட்காராமல் 108க்கு போன் போட வேண்டியவர்கள். அதிலும் காய்ச்சலோடு அடைப்பு என்றால் மேலே தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகி ரத்தத்தில் கலந்துவிடும், அது உயிர்ப் பிரச்சினை, அங்கே இன்னொரு டாக்டரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று அலையக் கூடாது.

நாங்கள் டிஸ்சார்ஜ் கேட்டதும் முகம் மாறிவிட்டது. ரிப்போர்ட் ஃபைலைக் கொடுக்க இழுத்தடித்தார்கள், கையெழுத்துப் போடு, சார் வரட்டும், சிஸ்டர் சாப்பிடப் போயிருக்காங்க என்று மத்தியானம் வரைக்கும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ம் வருட ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. வாயால் கேட்காமல் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள், வேகம் கூடும். ராத்திரி ஊசிக்கு மறுபடியும் அங்கேதான் போவேன், அந்த நர்ஸம்மாவுக்காக. ஆபரேஷனுக்கு வாசல்படி மிதிக்கமாட்டேன்.

கொழுந்தனார் காரில் பாண்டிக்கு. கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு வேகத்தடையையும் இடுப்பால் எண்ணிக்கொண்டு போனேன். கிட்னி டாக்டர் என்று போர்டு பார்த்து ஒரு இடத்தில் நுழையப் போனோம், அங்கே இருந்த ரிசப்ஷன் பெண் நல்ல மனசு, “இங்க டயாலிசிஸ், கிரியாட்டினின் பாக்குற டாக்டர்ங்கக்கா, கல்லுக்கு யூராலஜி போங்க” என்று திருப்பி அனுப்பினார். டோக்கன் போட்டு 600 வாங்கிவிட்டுச் சொல்லியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்.

யூராலஜி மருத்துவமனையில் டாக்டர் உள்ளே அழைத்தபோது நான் எதிர்பார்த்தது இன்னொரு பேக்கேஜ் தாளை. அவர் ஒரு மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார். மேலே அவரைக்கொட்டை வடிவில் கிட்னி, அதிலிருந்து மூத்திரப்பை வரைக்கும் ஒரு கோடு. அந்தக் குழாய் உள்ளே மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் அகலமாம். வழியில் மூன்று இடத்தில் பேனாவால் சுழித்தார்: கிட்னியை விட்டு இறங்குகிற இடம், இடுப்பில் பெரிய ரத்தக்குழாயைத் தாண்டுகிற இடம், பைக்குள் நுழைகிற இடம். கல் மாட்டினால் இந்த மூன்றில் ஒன்றில்தான் மாட்டும், கடைசி வாசலில்தான் அதிகம். வலி வருவது கல் குத்துவதால் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடைப்புக்கு மேலே சிறுநீர் தேங்கி, குழாயும் கிட்னியும் விரிந்து இழுபடுகிற வலி அது. அதனால்தான் பட்டாணி அளவுகூட இல்லாத கல் ஆளையே சாய்க்கிறது, கிட்னிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிற பெரிய கல் சத்தமே போடாமல் வருஷக்கணக்கில் இருக்கிறது. அந்தச் சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். “எங்க வேலை பாக்கறீங்க? அங்க பாத்ரூம் இருக்கா?” நேரு வீதிப் பக்கம் ஒரு துணிக்கடையில் பில்லிங் பார்க்கிறேன். பாத்ரூம் இருக்கிறது, மூன்றாவது மாடியில், ஸ்டாஃப் எல்லாருக்கும் ஒன்று, தாழ்ப்பாள் சரியில்லை, கூட்ட நேரத்தில் கவுன்டரை விட்டுப் போனால் சூப்பர்வைசர் மணி பார்ப்பார். அதனால் எங்கள் கடையில் பெண்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் கடலூரில் பஸ் ஏறும்போது ஒரு டம்ளர் காப்பி, மத்தியானச் சாப்பாட்டோடு அரை பாட்டில், ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான் மீதி. இந்த வெயிலில் ஏசிக்குள் நின்றாலும் உடம்பு காய்ந்துதான் போகிறது. எத்தனையோ டாக்டரைப் பார்த்தாயிற்று, “தண்ணி நிறைய குடிங்கம்மா” என்று எல்லாரும் சொல்வார்கள், குடித்தால் எங்கே போவாய் என்று கேட்டது இவர் ஒருத்தர்தான். எனக்கு இந்த மருத்துவமனை பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இது. தமிழ்நாட்டில் 2021ல் கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி கொடுக்கச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள், நல்ல விஷயம். தாழ்ப்பாள் உள்ள பாத்ரூமுக்கும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

ஸ்கேனுக்கு வெளியே அனுப்பினார். எந்த சென்டர் என்று அவர் சொல்லவில்லை, எங்கே வேண்டுமானாலும் எடுங்கள், சாதா சி.டி., மருந்து ஏற்றாமல், கே.யூ.பி. (கிட்னி, குழாய், மூத்திரப்பை மூன்றையும் பார்ப்பது) என்று எழுதிக் கொடுத்தார். இதைக் கவனியுங்கள், கல்லுக்கு எடுக்கிற சி.டி.க்கு ரத்தக்குழாயில் மருந்து ஏற்றவேண்டியதில்லை. அல்ட்ராசவுண்டில் தப்பிக்கிற கல்லும், யூரிக் அமிலக் கல் மாதிரி எக்ஸ்ரேயில் தெரியாத கல்லும் இதில் மாட்டிவிடும். நாங்கள் போன சென்டரில் போனிலேயே ரேட் சொன்னார்கள், 4,000 சொச்சம், போன பிறகு ஒரு ரூபாய் கூடவில்லை. டெக்னீஷியன் பையன் கூச்சப்பட்டாலும் கேட்கவேண்டியதைக் கேட்டான், கர்ப்பம் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டான். மேஜைமேல் படுத்து எழுந்திருக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரே குறை, உடை மாற்றுகிற அறைக்குக் கதவு கிடையாது, திரைதான், அதுவும் குட்டை.

ரிப்போர்ட்: இடது குழாய், பைக்குள் நுழைவதற்குச் சற்று மேலே, 7 மில்லிமீட்டர். டாக்டர் திரையில் அந்த வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். அஞ்சு மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் பெரும்பாலும் தானாகவே போய்விடும், பத்துக்கு மேலே என்றால் போவது அபூர்வம், உன்னுடையது நடுவில், போகலாம் போகாமலும் இருக்கலாம், காய்ச்சல் இல்லை, கிட்னி நன்றாக வேலை செய்கிறது, அதனால் நான்கு வாரம் வரைக்கும் காத்திருந்து பார்க்கலாம், நடுவில் வந்து காட்டு. ஆபரேஷன் செய்தால் காசு பார்க்கக்கூடியவர் காத்திருக்கச் சொல்கிறார் என்றால் அந்த ஆளை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது. கன்சல்டிங் 600 ரூபாய், இவ்வளவும் சேர்த்து.

மாத்திரை டாம்சுலோசின். குழாயின் கீழ்ப்பகுதியைத் தளர்த்திக் கல்லுக்கு வழி விடுமாம். இது ஆண்களுக்கு ப்ராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கிற மாத்திரை, அதனால் நம்ம ஊர் மெடிக்கலில் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு “யாருக்குக்கா? இது அய்யாவுக்குத் தர மாத்திரையாச்சே” என்றான். சிரித்துவிட்டேன். ராத்திரி படுக்கப் போகும்போதுதான் போட வேண்டும், ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும், பாத்ரூமுக்கு எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மக்கள் மருந்தகத்தில் இதே மாத்திரை பாதி விலைக்கும் கீழே கிடைத்தது. மருத்துவமனைக்குள் இருக்கிற மெடிக்கலில்தான் வாங்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் சீட்டில் கம்பெனிப் பெயர்தான் எழுதியிருக்கும், மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வலிக்குத் தனி மாத்திரை, சிறுநீர் போகும்போது டீ வடிகட்டியில் வடித்து, கல் வந்தால் எடுத்து வைக்கச் சொன்னார். புது வடிகட்டி வாங்கினேன், மாமியார் நிம்மதிக்காக அதில் சிவப்பு நூல் வேறு கட்டி வைத்தேன்.

காத்திருந்த நாட்களில் சொந்தக்காரர்கள் வைத்தியம் பார்த்ததைத் தனியாக எழுதலாம். வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம், நெருஞ்சில், பார்லித் தண்ணீர், எல்லாம் வந்தது. டாக்டரிடம் கேட்டேன். வாழைத்தண்டுப் பொரியல் கூட்டு தாராளமாகச் சாப்பிடு, பார்லித் தண்ணீரும் தண்ணீர்தானே குடி, ஆனால் மாட்டிய 7 மில்லிமீட்டர் கல்லை இவை கரைத்துவிடும் என்று மாத்திரையை நிறுத்தாதே என்றார். எலுமிச்சைச் சாற்றுக்கு மட்டும் தலையாட்டினார், அதில் இருக்கிற சிட்ரேட் கல் கட்டுவதைத் தடுக்கும், உப்புப் போடாமல் குடிக்கச் சொன்னார். கொழுந்தனார் வைத்தியம்தான் தமாஷ். “அண்ணி, பாண்டிச்சேரியில வேலை பாத்துக்கிட்டு மருந்துக்கு அலையறீங்களே, ரெண்டு பீரு போதும், கல்லு தானா ஓடிடும்.” அதையும் விடாமல் டாக்டரிடம் கேட்டுவிட்டார், வெட்கமே இல்லாமல். பீர் குடித்தால் சிறுநீர் அதிகம் போகும், அப்புறம் உடம்பு வறண்டுபோகும், யூரிக் அமிலமும் ஏறும், அடைப்பு இருக்கும்போது அளவுக்குமேல் எதைக் குடித்தாலும் மேலே தேங்கி வலிதான் கூடும் என்று பொறுமையாகச் சொன்னார். தண்ணீருக்கும் அதே கதைதான், வலி வரும் நேரத்தில் குடம் குடமாகக் குடிக்க வேண்டாம், வலி இல்லாத நாளில் நாள் முழுக்கப் பரவலாகக் குடி.

கல் நகரவில்லை. மூன்றாவது வாரம் மறுபடி ஒரு ராத்திரி, அதே நர்சிங் ஹோம், அதே நர்ஸம்மா, அதே ஊசி. காலையில் பெரிய டாக்டர் வருவதற்குள் கிளம்பிவிட்டோம். மறுபடி படம் எடுத்ததில் கல் அதே இடத்தில், கிட்னி வீக்கம் முன்னைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. இனி காத்திருக்க வேண்டாம் என்று டாக்டரே சொன்னார். வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பி உடைக்கிற முறையும் உண்டு, 1980ல் ஜெர்மனியில் மியூனிக்கில் முதல் நோயாளிக்குச் செய்தது, கத்தி ரத்தம் கிடையாது. ஆனால் என் கல் கெட்டிக் கல், ரிப்போர்ட்டில் அடர்த்தி 1,100 என்று இருந்தது, 1,000 தாண்டினால் அதிர்வலையில் உடைவது சிரமம், இருக்கிற இடமும் கீழே. அதனால் மூத்திரத் துவாரம் வழியாகவே மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு லேசரால் உடைக்கிற முறை. வெளியே ஒரு கீறல்கூடக் கிடையாது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கிட்னிக்குள்ளேயே கல் இருப்பவர்களுக்குத்தான் முதுகுப் பக்கம் சின்ன ஓட்டை போட்டு எடுப்பார்களாம்.

பெண்கள் கேட்கத் தயங்குகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆபரேஷனுக்குக் கால்களை அகட்டி உயர்த்தி வைத்துத்தான் படுக்க வைப்பார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், ஆனால் நினைவு இருக்கும், எல்லாம் காதில் விழும். என்னோடு முழு நேரமும் ஒரு பெண் நர்ஸ் தலைமாட்டில் நின்றார், தேவைப்படுகிற இடம் தவிர மற்றதெல்லாம் பச்சைத்துணியால் மூடியிருந்தார்கள், ஆண் உதவியாளர்கள் எல்லாம் முடிந்து துணி போர்த்திய பிறகுதான் ஸ்ட்ரெச்சரைத் தள்ள வந்தார்கள். யாரும் கேட்காமலேயே செய்தார்கள். அட்மிஷன் போடுகிற இடத்தில் இதை முன்கூட்டியே கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. முக்கால் மணி நேரம் இருக்கும், முடிந்ததும் டாக்டர் ஒரு சின்ன டப்பாவை ஆட்டிக் காட்டினார், உள்ளே பழுப்பு நிறத்தில் மூன்று நான்கு துணுக்கு, உடைத்த வெல்லத்தூள் அளவுகூட இல்லை. இதற்கா இந்தப் பாடு.

இனி குறைகள். ஸ்டென்ட் பற்றி ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. உடைத்த பிறகு குழாய் வீங்கி அடைக்காமல் இருக்க, கிட்னியிலிருந்து பை வரைக்கும் டி.ஜே. ஸ்டென்ட் என்று ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வைத்துவிடுவார்கள், இரண்டு முனையும் சுருண்டிருக்கும், நகராமல் இருக்க. “கொஞ்சம் அன்ஈசியா இருக்கும்” என்றார்கள். கொஞ்சமா? மணிக்கு ஒருதரம் பாத்ரூம், போய் வந்த நிமிஷமே இன்னும் இருக்கிற மாதிரி உணர்வு, சிறுநீர் விடும்போது அது மேலே ஏறி இடுப்பில் சுருக்கென்று ஒரு வலி, கொஞ்சம் நடந்தால் சிவப்பாகப் போகும். வேலைக்கு லீவு கிடைக்காமல் பஸ்ஸில் பாண்டிக்குப் போய்வந்த அன்றைக்கெல்லாம் ரோஸ் மில்க் நிறம், பயந்துபோய் போன் செய்தேன். “ஸ்டென்ட் இருந்தா அப்படித்தாங்க்கா, தண்ணி குடிங்க, கட்டியா ரத்தம் வந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வாங்க” என்று நர்ஸ் சொன்னார். இதை டிஸ்சார்ஜ் அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் என்ன? அசௌகரியம் குறைய மாத்திரை உண்டு, கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள். நீங்கள் முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

பில். சொன்னது 58,000, வந்தது 66,000 சொச்சம். ஸ்டென்டுக்குத் தனி, லேசர் ஃபைபருக்குத் தனி, மயக்க டாக்டருக்குத் தனி. முதலில் சொன்ன தொகையில் எதெல்லாம் சேர்த்தி என்று எழுதி வாங்காவிட்டால் எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கும். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் காலை எட்டு மணிக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார், இன்சூரன்ஸ் ஒப்புதல் வந்து கவுன்டரில் சீல் விழச் சாயங்காலம் ஆகிவிட்டது, அந்த அரை நாளுக்கும் அறை வாடகை போட்டிருந்தார்கள், சண்டை போட்டுக் குறைத்தோம். கேன்டீன் இட்லி பரவாயில்லை, காப்பி வேண்டாம். துணைக்கு இருப்பவருக்குக் கொடுக்கிற பெஞ்சில் என் வீட்டுக்காரர் உயரத்துக்குக் கால் நீட்ட முடியாது.

இவ்வளவு செலவு முடியாதவர்களுக்கு, கோரிமேடு ஜிப்மரில் யூராலஜிக்கென்றே தனித் துறை இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு அண்ணனுக்கு முதுகு வழியாகப் பெரிய கல் எடுத்தது அங்கேதான், அவர் வீட்டில் இன்றைக்கும் அந்த டாக்டர்களுக்குக் கும்பிடு போடுவார்கள். ஜிப்மர் ஓ.பி.க்குக் காலையில் சீக்கிரமே போய் அட்டை போட வேண்டும், பழைய ஸ்கேன், சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி இருக்கிறது, ராத்திரி வலிக்கு ஊசி போட அங்கே போகலாம், பைசா செலவில்லை. தமிழ்நாட்டில் வருட வருமானம் 1,20,000க்குள் இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டு, 5 லட்சம் வரை. தனியார் மருத்துவமனைக்குப் போவதானால் உங்கள் அட்டையும் நீங்கள் செய்யப்போகிற ஆபரேஷனும் அங்கே செல்லுமா என்று அட்மிஷன் போடுவதற்கு முன்னால் கேளுங்கள், படுத்த பிறகு கேட்டால் ‘பாக்கலாம்’ என்பார்கள்.

ஸ்டென்ட் எடுக்கிற தேதிக்கு இரண்டு நாள் முன்பே மருத்துவமனையிலிருந்து போன் வந்தது, மறுநாள் இன்னொரு போன். யார் யாருக்கு ஸ்டென்ட் வைத்தோம், எப்போது எடுக்க வேண்டும் என்று தனி நோட்டே வைத்திருக்கிறார்கள், கவுன்டரில் பார்த்தேன், நீளமான நோட்டு, எடுத்தவர்கள் பெயருக்கு மேலே பச்சைக் கோடு. இது சாதாரண விஷயமாகத் தெரியலாம். வலி போய்விட்டது என்று ஸ்டென்டை மறந்துபோகிறவர்கள் உண்டு, மாதக்கணக்கில் விட்டால் அதன்மேலேயே கல் படிந்து இறுகிவிடும், அப்புறம் அதை எடுப்பதே ஒரு பெரிய ஆபரேஷன். பில்லில் பிடித்த எரிச்சலில் பாதி அந்த போனில் போய்விட்டது. எடுப்பது மரத்துப்போகிற ஜெல் வைத்து, கேமரா விட்டு, சில நிமிஷம். பல்லைக் கடித்துக்கொண்டால் முடிந்துவிடும், அன்று ராத்திரி எரிச்சல் இருந்தது, மறுநாள் புது ஆளாகிவிட்டேன்.

எடுத்த கல்லை ஆய்வுக்கு அனுப்ப நாங்கள்தான் கேட்க வேண்டியிருந்தது, கேட்டதும் அனுப்பினார்கள். கால்சியம் ஆக்சலேட், பெரும்பாலானவர்களுக்கு வருகிற வகைதான். என்ன சாப்பிடலாம் என்று டாக்டரே உட்கார வைத்துச் சொன்னார். நாளைக்கு இரண்டு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர், நிறம் வெளிறி இருக்க வேண்டும். உப்பைக் குறை, உப்பு அதிகமானால் சிறுநீரில் கால்சியம் அதிகம் இறங்கும். அதனால் ஊறுகாய், அப்பளம், எங்கள் வீட்டில் வாரம் தவறாத கருவாடு எல்லாவற்றிலும் கை வைத்தாயிற்று. பசலைக்கீரை, முந்திரி போன்றவற்றில் ஆக்சலேட் அதிகம், அளவாகச் சாப்பிடு. பண்ருட்டியில் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம், முந்திரியை அளவாகச் சாப்பிடு என்று என்னிடம் சொல்வது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்குத் தெரியாது. தக்காளியை எல்லாரும் பயமுறுத்தினார்கள், அவர் சாதாரணமாகச் சாப்பிடு என்றார். பால், தயிர், மோர் நிறுத்தவே கூடாது என்றார். கல்லில் கால்சியம் இருக்கிறதே என்று கேட்டேன். சாப்பாட்டோடு சேர்கிற கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடுமாம், பாலை நிறுத்தினால்தான் ஆக்சலேட் சும்மா ரத்தத்தில் கலந்து கிட்னிக்கு வரும். நானாகக் கால்சியம் மாத்திரை வாங்கிப் போட வேண்டாம், சாப்பாட்டில் வருவது போதும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு வெளியே வந்தால் கவுன்டரில் ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுக்கிறார்கள், ‘சிறுநீரகக் கல் உணவு முறை’ என்று. அதில் முதல் வரியே பால், தயிர், பாலாடைக்கட்டி தவிர்க்கவும். இரண்டாவது வரி தக்காளி. திரும்ப உள்ளே போய் டாக்டரிடம் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டு, இது பழைய தாள், மாத்தச் சொல்றேன் என்றார். போன மாதம் ஸ்கேன் பார்க்கப் போனபோதும் அதே தாள்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பால் தயிர் வரி மேல் மட்டும் யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். தக்காளிக்கு இன்னும் விடுதலை இல்லை.